கிணற்றுத் தண்ணீரும் பழுப்புப் பாசியும்: ஆர்ஓ டிஐ வடிகட்டி எப்படி?

கல்லடியில் எங்கள் வீட்டுப் பவளத் தொட்டி (உப்புத் தண்ணீரில் பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி) சின்னதுதான், 90 லீற்றர். ஐந்து மாதமாக மணல் மேல் பழுப்புப் படலம். காலையில் கண்ணாடியைத் துடைத்தால் பின்னேரம் அதிலே விரலால் பெயர் எழுதலாம். புதுத் தொட்டியில் டயட்டம் என்ற பழுப்புப் பாசி வரும், சில வாரத்தில் அடங்கிவிடும், அடங்கவில்லை என்றால் எங்கிருந்தோ சிலிக்கேட் (தண்ணீரில் கரைந்த சிலிக்கா) வந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் அந்தப் பாசி தன் கூட்டையே சிலிக்காவில்தான் கட்டுகிறது. எங்களுக்கு வந்த வழி கிணறு.

அதனால்தான் இந்த நாலு கட்ட ஆர்ஓ டிஐ வடிகட்டியை வாங்கினேன். ஆர்ஓ என்பது தண்ணீரை அழுத்தி வடிக்கும் சவ்வு, டிஐ என்பது அதைத் தாண்டி வரும் மிச்ச உப்புகளைப் பிடிக்கும் பிசின். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் கிணற்றுத் தண்ணீர் 410, ஆர்ஓ தாண்டி 14, டிஐ பிசின் தாண்டி 0. ஆறு வாரம் இந்தத் தண்ணீரிலேயே உப்புக் கரைத்து மாற்றினேன், மணல் பழையபடி வெள்ளை!

ஒரு குறை. மேல்தொட்டித் தண்ணீரின் அழுத்தம் இதற்குப் போதாது, முதல் வாரம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, பூஸ்டர் பம்பு தனியாக வாங்க வேண்டும். கடையில் அதைச் சொல்லவே இல்லை. கழிவுத் தண்ணீர் நிறைய, வாழைக்கு விடுகிறோம். பிசினை மட்டும் நேரத்துக்கு மாற்றுங்கள், மீட்டர் அசையும் முன்பே சிலிக்கேட் நழுவத் தொடங்கிவிடும்.