சிஷிகஷிராவா, யூல்டைடா?

தேயிலையும் கமேலியா என்ற பூச்செடியும் ஒரே பேரினம். அட்லாண்டா பக்கம் பாதித் தோட்டம் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் டிசம்பரில் கமேலியா பூத்துக் குலுங்கும் என்பதால் நல்ல கிராக்கி. குட்டை ரகம் கேட்டால் நர்சரிகளில் பெரும்பாலும் கைகாட்டுவது சிஷிகஷிரா, யூல்டைட் என்ற இந்த இரண்டு கமேலியா ரகங்களைத்தான்.

யூல்டைட் பார்த்தவுடன் ஆளை மயக்கிவிடும். ரத்தச் சிவப்பில் ஒற்றை அடுக்குப் பூ, நடுவே திரண்ட மஞ்சள் மகரந்தக் கொத்து. கிறிஸ்துமஸ் சமயத்தில் வாசலோரம் இதைவிட எடுப்பான செடி கிடையாது. ஆனால் இது நிமிர்ந்து வளரும் ஜாதி. விட்டால் எட்டு அடி போகும். குட்டை என்று நம்பி ஜன்னலுக்கு அடியில் வைத்தால் சில வருஷத்தில் வெளிச்சத்தை மறைத்துவிடும். பக்கவாட்டில் இடமில்லாத மூலைக்கும் பெரிய தொட்டிக்கும்தான் இது சரி.

சிஷிகஷிரா பழைய ஜப்பானிய ரகம். ரோஸ் நிற அடுக்குப் பூ. நாலைந்து அடிக்கு மேல் அவ்வளவாக உயராது, அகலத்தில் படரும். அக்டோபர், நவம்பரில் தொடங்கினால் ஜனவரி வரை ஓடும். கடும் உறைபனியில் விரிந்த பூ இரண்டு செடியிலும் பழுப்பாகிப் போகும். மூடிய மொட்டுகள் தப்பினால் வெயில் வந்ததும் மலரும். இத்தனை நாள் பூக்கிற செடிக்கு ஒரு வாரப் பனி பெரிய நஷ்டமில்லை. ஜப்பானிகா என்ற இன்னொரு கமேலியா வகையில் முழுப் பூவாக விழுந்து அழுகிக் கிடப்பதைப் பொறுக்கவேண்டும். இந்த இரண்டிலும் இதழ் இதழாக உதிர்வதால் அந்தத் தொல்லையும் இல்லை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் சிஷிகஷிராவைத்தான் சொல்வேன்.

வளர்ப்பில் பெரிய வித்தியாசமில்லை. அமில மண், காலை வெயில். அட்லாண்டா பக்கத்துச் செங்களிமண்ணில் வேர்ப்பந்தின் மேல்பகுதி தரைக்குச் சற்று மேலே நிற்கும்படி நடவேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் செதில் பூச்சி. கத்தரிப்பது பூ முடிந்த கையோடு. கோடையிலேயே அடுத்த பருவத்து மொட்டு கட்டிவிடும், ஆகஸ்டில் கத்தரியை எடுத்தால் பூ போச்சு.

வாஷிங்டனுக்கு வடக்கே இருப்பவர்களுக்கு இரண்டுமே கொஞ்சம் ரிஸ்க்தான். வாஷிங்டனிலேயே 1970களின் கடைசியில் வந்த கடுங்குளிரில் அமெரிக்க தேசிய மரப்பூங்காவின் கமேலியாக்கள் பெரும்பாலும் மடிந்தன. தப்பிய ஒலிஃபெரா என்ற கமேலியா வகையை வைத்து தாவர ஆராய்ச்சியாளர் வில்லியம் ஆக்கர்மேன் உருவாக்கிய கலப்பினங்களைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் அவற்றில் பல, இடம் கிடைத்தால் யூல்டைடையும் தாண்டி வளரும்.