மெட்டீரியல் ஸ்ட்ரென்த் டேட்டா: எக்செல் லிங்கா, சாலிட்ஒர்க்ஸ் லைப்ரரியா?

டிசைனுக்கு வேண்டிய மெட்டீரியல் ஸ்ட்ரென்த் நம்பர்கள எக்செல் ஷீட்ல வச்சு டிராயிங்கோட லிங்க் பண்றதா, இல்ல சாலிட்ஒர்க்ஸ்ங்கற 3டி டிசைன் சாஃப்ட்வேரோட மெட்டீரியல் லைப்ரரிலயே வைக்கறதா? எங்க டீம்ல ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு சாலிட்ஒர்க்ஸ் லைப்ரரிக்கே போயிட்டோம், அதனால நான் எழுதுறது அந்தப் பக்கம்தான் சாயும், முன்னாடியே சொல்லிடறேன்.

எக்செல் வழி தெரிஞ்சதுதான். டிராயிங் வரையிற ஆட்டோகேட் சாஃப்ட்வேர்ல டேட்டாலிங்க் குடுத்து ஷீட்ட டேபிளா இழுத்துட்டா முடிஞ்சுது. பர்ச்சேஸ்ல இருக்கறவங்களும் திறந்து பாக்கலாம். ஃபோல்டர மாத்துனா லிங்க் அறுந்துடும், அதக்கூட சமாளிச்சிடலாம்.

சிக்கல் என்னன்னா, ஷீட்ல ஒரு செல்ல திருத்திட்டா, லிங்க் இருக்கற எந்த டிராயிங்ல அப்டேட் குடுத்தாலும் வேல்யூ மாறிடும்ல, அதேதான். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ரிலீஸ் ஆகி வெண்டர் கைக்குப் போன டிராயிங்ல ரிவிஷன் நம்பர் ஏறாம யீல்ட் (மெட்டீரியல் நிரந்தரமா உருமாற ஆரம்பிக்கற அளவு) மட்டும் மாறி நின்னா ஆடிட்ல யாரு பதில் சொல்றது? சாலிட்ஒர்க்ஸ்ல மெட்டீரியல் அப்ளை பண்ணும்போதே வேல்யூ பார்ட் ஃபைலுக்குள்ள காப்பி ஆயிடும், அப்புறம் லைப்ரரிய திருத்துனாலும் பழைய பார்ட் தானா மாறாது, நாமளா மறுபடி அப்ளை பண்ணணும். இத குறைன்னு சொல்றவங்க நிறைய பேர், எனக்கு இதுக்காகத்தான் பிடிச்சதே. சிமுலேஷனும் (பார்ட் லோட தாங்குமான்னு சாஃப்ட்வேர் போடற கணக்கு) அதே வேல்யூவதான் எடுக்கும், டைட்டில் பிளாக்ல (டிராயிங்ல இருக்கற விவரக் கட்டம்) மெட்டீரியல் பேரும் அங்கேந்தே வரும்.

ஆனா கூட வர்ற லைப்ரரிய அப்படியே நம்பிடாதீங்க. அதுல அலுமினியத்துல வெறும் '6061 அலாய்'னு ஒண்ணு இருக்கும், யீல்ட் சுமார் 55 எம்பிஏ (மெகாபாஸ்கல்), அதாவது அனீல் பண்ண (சூடாக்கி மென்மையாக்கின) மெட்டீரியலோடது. கொஞ்சம் தள்ளி '6061-டி6 (எஸ்எஸ்)' இருக்கும், ஹீட் ட்ரீட் பண்ணி வலுவாக்கினது, அது 275. அவசரத்துல கை மேல இருக்கறதுக்குத்தான் போகும், கணக்குல வர்ற சேஃப்டி ஃபேக்டர் (லோட விட எத்தன மடங்கு தாங்கும்ங்கறது) அஞ்சுல ஒரு பங்காயிடும்.

அதனால சொந்தமா ஒரு லைப்ரரி ஃபைல் போட்டு சர்வர்ல வச்சு, எடிட் உரிமைய ஒரே ஆளுக்கு குடுத்துடுங்க. ஐஎஸ் 2062 இ250-க்கு (இந்திய ஸ்டாண்டர்ட்ல வர்ற ஸ்ட்ரக்சுரல் ஸ்டீல்) யீல்ட் திக்னஸப் பொறுத்து மாறும், அதனால மூணு என்ட்ரி போடணும்: 20 எம்எம்-க்குக் கீழ 250 எம்பிஏ, 20லேந்து 40 வரைக்கும் 240, அதுக்கு மேல 230. பேர்லயே திக்னஸ் இருந்தா டிராயிங்க செக் பண்றவர் கண்ணுல சட்டுனு படும். மில் சர்டிபிகேட்ல (ஸ்டீல் தயாரிச்ச மில் குடுக்கற டெஸ்ட் ரிப்போர்ட்) 290, 300ன்னு வரும், அத லைப்ரரிக்குள்ள ஏத்தாதீங்க, ஸ்டாண்டர்ட்ல இருக்கற மினிமம் மட்டும் போதும்.

இன்வென்டர்ங்கற இன்னொரு 3டி சாஃப்ட்வேர்ல நான் கொஞ்சம்தான் வேலை பாத்திருக்கேன், அங்கயும் கிட்டத்தட்ட இப்படித்தான் தெரிஞ்சுது, தினம் ஓட்டறவங்க சொன்னா நல்லது. சிமுலேஷனே போடாம 2டி மட்டும் வரையிற ஆபீஸ்னா எக்செல்லோடயே இருங்க, ரிலீஸ் பண்றதுக்கு முன்னாடி லிங்க மட்டும் டிடாச் பண்ணிடுங்க.