மறதி நோய் முற்றிய அம்மாவுக்கு டியூபா, கையால் ஊட்டுவதா?

டிமென்ஷியா முற்றியபின் ஒரு கட்டத்தில் சோறு வாயிலேயே தங்கிவிடும், தண்ணீர் புரையேறும். "ரைல்ஸ் டியூப் போட்டுடலாமா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள்; மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் குழாய் அது. கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள்: விழுங்க முடியாமல் போனது திடீரென்றா, மாதக்கணக்கில் மெல்ல மெல்லவா?

திடீரென்று என்றால் சிறுநீர்த் தொற்று, நிமோனியா, வாய்ப்புண், மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை என்று ஏதாவது காரணம் இருக்கலாம். அது சரியாகும்வரை டியூப் நியாயமே. எப்போது எடுப்பீர்கள் என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

மெல்ல வந்ததென்றால் நான் கையால் ஊட்டுவதன் பக்கம். இந்தக் கட்டத்தில் டியூபால் ஆயுள் கூடியதற்கு ஆதாரம் இல்லை என்றது 2009-இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு. 2014-இல் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமும் டியூபைப் பரிந்துரைக்கவில்லை, கவனமாகக் கையால் ஊட்டவே சொன்னது. நுரையீரலுக்குள் எச்சிலும் வயிற்றிலிருந்து எதுக்களிப்பதும் போவதை எந்த டியூபும் தடுக்காது. வயிற்றில் துளையிட்டுப் போடும் பெக் டியூபிலும் இதே கதைதான், மூக்கு உறுத்தல் இல்லை என்பதுதான் பெரிய வித்தியாசம். மூக்கில் தொங்குவது என்னவென்று புரியாமல் அம்மா பிடுங்குவார். பிடுங்காதிருக்கக் கையைக் கட்டிலோடு துணியால் கட்டுவார்கள். அதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கையால் ஊட்டுவது சுலபமில்லை. நிமிர்த்தி உட்காரவைத்து, அரை ஸ்பூன் ராகிக் கூழ், தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து அடுத்த அரை ஸ்பூன். பலருக்குத் தண்ணீரைவிடக் கெட்டியானது எளிதாக இறங்கும். தூக்கக் கலக்கத்தில் ஊட்டவே கூடாது. சாப்பிட்டதும் படுக்கவைக்கவும் கூடாது. ஒருவேளைச் சாப்பாட்டுக்கே ஒரு மணி நேரம் ஆகலாம். அப்படியும் எடை குறையும், சளி பிடிக்கும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஆள் இல்லாமல் டியூப் போட்டால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

"பெத்தவளைப் பட்டினி போடுறியா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கடைசிக் கட்டத்தில் உடம்பே உணவைக் குறைத்துக்கொள்கிறது, பசியும் அடங்கிவிடுகிறது. இதை டாக்டர் வாயாலேயே, வெளிநாட்டில் இருக்கும் தம்பி தங்கைகளையும் போனில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் சொல்லவையுங்கள்.

அப்பாவுக்கு நோய் ஆரம்ப நிலையில்தான் என்றால், பின்னால் டியூப் வேண்டுமா என்று அவரிடமே கேட்டு எழுதிவையுங்கள். முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் நடைமுறையும் எளிதானது: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். அவருக்குத் தெளிவு இருக்கும்போதே எழுதினால்தான் அது செல்லும்.