மெஷின் ஹெட், 1997 பதிப்பு: தேய்ந்து மறையாத கடைசி நொடிகள்

ஐவர் கொண்ட ஆங்கில ராக் குழுவான டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' பாடல் தொகுப்பு 1972 மார்ச் மாதம் வெளிவந்தது. அதன் 25 ஆண்டு நிறைவையொட்டி, 1997இல் இரண்டு சிடிக்களாக ஒரு பதிப்பு வந்தது. ஒரு தட்டில் 1972இன் ஒலிக்கலவை, அதை மாற்றாமல் ஒலியை மட்டும் துலக்கி, ரீமாஸ்டர் செய்யப்பட்டிருக்கிறது. மற்றதில் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞரான ரோஜர் குளோவர், மூல நாடாக்களை மறுபடி எடுத்து, எந்தக் கருவி எங்கே, எவ்வளவு கேட்க வேண்டும் என்று தொடக்கத்திலிருந்து தீர்மானித்துச் செய்த புதிய கலவை இருக்கிறது. ஆக, ஏழு பாடல்களை ஒரே பெட்டியில் இரண்டு முறை விற்கிறார்கள். பழைய சிடி விற்கும் கடையொன்றில் மூடி விரிசல்விட்ட நிலையில் இதை எடுத்தபோது, இது வீண்செலவுதானே என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டின் புதிய கலவையைக் கடைசி நொடி வரை கேட்ட பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. ஏன் போனது என்று சொல்வதற்கு, அந்தப் பாட்டு பிறந்த கதையை முதலில் சொல்லியாக வேண்டும்.

1971 டிசம்பர் தொடக்கத்தில் இந்த ஐவரும் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள மோன்த்ரோ நகருக்குப் போனார்கள். அங்கிருந்த கேசினோவின் அரங்கிலேயே தொகுப்பு முழுவதையும் பதிவுசெய்வது என்பது ஏற்பாடு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான, லாரிக்குள் அமைந்த ஒலிப்பதிவுக் கூடத்தை அதற்காக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். குளிர்காலத்துக்குக் கேசினோவை மூடுவதற்கு முன் ஒரே ஒரு கச்சேரி பாக்கியிருந்தது. டிசம்பர் 4 அன்று அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவும் அவருடைய 'மதர்ஸ்' குழுவும் வாசித்துக்கொண்டிருந்தபோது, பார்வையாளர்களில் ஒருவன் தீச்சமிக்ஞைத் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட்டான். கூரை பற்றிக்கொண்டது, கட்டடமே எரிந்து தீர்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரிய ஆறுதல். மோன்த்ரோ ஜாஸ் விழாவை நடத்திவந்த குளோட் நோப்ஸ் உள்ளே ஓடி ஓடிப் பிள்ளைகளை வெளியே இழுத்து வந்தார். பாட்டில் அவர் செல்லப்பெயரோடு வருகிறார். டீப் பர்ப்பிள் குழுவினர் தங்களுடைய ஒலிப்பதிவு அரங்கு எரிவதையும், புகை ஏரியின் மேல் படர்வதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாட்கள் கழித்துத் தூக்கத்திலிருந்து விழித்த குளோவரின் வாயில் வந்த சொற்கள்தான் பாட்டின் தலைப்பாயின: நீரின் மேல் புகை. போதைப்பொருளைப் பற்றிய பாட்டு என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கமும் குழுவுக்குள் இருந்திருக்கிறது.

பாட்டின் வரிகளைக் கவனித்தால், அதில் கற்பனை என்று எதுவுமே இல்லை என்பது தெரியும். ஊர், வந்த காரணம், யாருடைய கச்சேரி, தீ எப்படிப் பிடித்தது, யார் காப்பாற்றினார், பிறகு எங்கே போய்ப் பதிவுசெய்தார்கள் என்று ஒரு நிருபரின் ஒழுங்கில் செய்தி போகிறது. உருவகம் இல்லை, புலம்பல் இல்லை. ராக் பாடலாசிரியர்கள் குதிரைகளையும் மந்திரவாதிகளையும் துரத்திக்கொண்டிருந்த காலத்தில் இது அரிது என்றே நினைக்கிறேன்.

இசை மட்டும் வரிகளுக்கு முன்பே தயாராக இருந்தது. கேசினோ எரிந்துபோனபின் அவர்கள் முதலில் பெவிலியன் என்ற நாடக அரங்கில் கருவிகளை இறக்கினார்கள். அங்கே நள்ளிரவில் வாசித்த சத்தத்தில் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, காவல்துறையினர் வந்து கதவைத் தட்டினார்கள். பதிவு முடியும்வரை உதவியாளர்கள் கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். அந்த அரங்கிலிருந்து மிஞ்சியது இந்த ஒரு பாட்டின் அடித்தளம்தான். மற்றவை எல்லாம் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஓட்டலின் நடைகூடத்தில், சுவரோடு மெத்தைகளை நிறுத்திவைத்து எதிரொலியை அடக்கிப் பதிவானவை. வெளியே நின்ற லாரிக்குப் போய் வாசித்ததைக் கேட்டுவருவதற்கு அறைகளையும் பால்கனிகளையும் கடக்க வேண்டியிருந்ததால், கேட்பதையே விட்டுவிட்டு ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச்சின் காதை நம்பிவிட்டார்கள். இந்தத் தொகுப்பில் எல்லோரும் ஒரே மூச்சில் வாசிப்பதுபோல் ஒரு விறுவிறுப்பு இருக்கிறதே, அதற்கு அந்தச் சோம்பலுக்கும் பங்கு உண்டு.

இனி தட்டுகளுக்கு வருகிறேன். உலகில் எந்தக் கிட்டார் கடைக்குள் நுழைந்தாலும் யாரோ ஒரு பையன் தடவிக்கொண்டிருக்கும் அந்தத் தொடக்க ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கை, நம் சுரங்களில் சொன்னால் ச க ம, ச க மி ம, ச க ம, க ச என்று எழுதிவிடலாம். காந்தாரம் சாதாரணம், இரண்டாம் சுற்றில் மட்டும் பிரதி மத்யமத்தை (மி) தொட்டுவிட்டு உடனே சுத்த மத்யமத்தில் இறங்குகிறது. அந்த ஒரு தொடுதலில்தான் அதன் மிரட்டல் முழுதும் இருக்கிறது. கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் ஒவ்வொரு சுரத்தையும் அதற்குக் கீழே ஒரு துணைச் சுரத்தோடு சேர்த்து, பிளெக்ட்ரம் (தந்தி மீட்டும் சில்லு) இல்லாமல், இரண்டு தந்திகளையும் விரல்களால் ஒரே கணத்தில் சுண்டுகிறார். ரீமாஸ்டர் தட்டில் இது ஒரு திரளாகக் காதில் விழுகிறது. குளோவரின் கலவையில் தந்திகள் விரலைவிட்டுத் தெறிக்கும் அந்தக் கணமே தனியாகக் கேட்கிறது. டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸின் ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தாளத்தட்டு) சேரும்போது அதன் ஒவ்வொரு தட்டும் எண்ணக்கூடியதாக இருக்கிறது. மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாகச் செலுத்திக் கிட்டார்போல உறும வைத்த, விசைப்பலகைக் கலைஞர் ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கன், பழைய கலவையில் கிட்டாரோடு ஒட்டிக்கொண்டிருந்தது, இங்கே தனி ஆளாக நிற்கிறது. பேஸ் கடைசியில் நுழையும்போது அறையின் தரையே தாழ்ந்ததுபோல ஒரு கனம். தன் வாத்தியத்தைத் தானே கலக்கியவர் கொஞ்சம் தாராளமாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார். குறை சொல்ல மனம் வரவில்லை.

நடுவில் வரும் கிட்டார் தனி ஆவர்த்தனம் இங்கே வேறு. 1972இல் நாம் கேட்டதை விட்டுவிட்டு, அதே நாட்களில் பதிவாகி ஒதுக்கப்பட்டிருந்த மற்றொன்றைக் குளோவர் சேர்த்திருக்கிறார். பழைய ஆவர்த்தனத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த வீட்டில் மாடிப்படியை இடம் மாற்றி வைத்ததுபோல இருக்கும். என் மதிப்பீட்டில் பழையதே மேல்.

ஆனால் முடிவு வேறு கதை. பழைய கலவையில் பாட்டு மெல்லத் தேய்ந்து மறையும். குளோவர் அந்தத் தேய்மானத்தை நீக்கி நாடாவை ஓடவிட்டிருக்கிறார். வாத்தியங்கள் அடங்கும் இடத்தில் பாடகர் இயன் கில்லன், ஃபிராங்கின் பெயரைச் சொல்லி, காலை உடைத்துக்கொள் என்கிறார். மேடையேறப் போகிறவரை அப்படி வாழ்த்துவது ஆங்கில நாடக உலகின் வழக்கம். ஆனால் மோன்த்ரோ தீ நடந்த ஆறாம் நாள், டிசம்பர் 10 அன்று, லண்டன் ரெயின்போ அரங்கில் ஸப்பாவை ஒருவன் மேடையிலிருந்து கீழே தள்ளிவிட்டான். அவருடைய கால் உண்மையாகவே முறிந்தது, பல மாதங்கள் சக்கர நாற்காலியில் கழிந்தன. ஆகவே அது வாழ்த்தா, கறுப்பு நகைச்சுவையா என்று பிரிக்க முடியாத ஒரு பேச்சு. 25 ஆண்டுகளாக மறைந்திருந்த அந்தச் சில நொடிகள், செய்திபோல எழுதப்பட்ட பாட்டுக்கு மறுநாள் வந்த துணைச்செய்தியாக எனக்குப் பட்டது.

மற்றப் பாடல்களில் குளோவரின் கைவண்ணம் சீராக இல்லை. பேருந்தில் பயணம்போகும்போது, பாட்டை எப்படி எழுதுகிறீர்கள் என்று ஒரு பத்திரிகையாளர் கேட்க, இப்படித்தான் என்று அங்கேயே தொடங்கிய 'ஹைவே ஸ்டார்' புதிய கலவையில் தெளிவாக இருக்கிறது, ஆனால் வேகம் குறைந்ததுபோல ஒரு மயக்கம் தருகிறது. அந்தப் பாட்டுக்குப் புகைமூட்டமும் இரைச்சலும் வேண்டும், ரீமாஸ்டர்தான் பொருத்தம். 'லேஸி'யின் ஆர்கன் முன்னுரை இரண்டிலுமே அருமை. பெரும் வெற்றி பெறும் என்று குழு நம்பித் தனித்தட்டாக முதலில் விட்ட 'நெவர் பிஃபோர்' எந்தக் கலவையிலும் சாதாரணமாகவே ஒலிக்கிறது. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' அமெரிக்காவில் தனித்தட்டாக வந்ததே 1973இல்தான், அது நான்காம் இடம்வரை ஏறியது. தொகுப்பில் இடம் கிடைக்காத 'வென் எ பிளைண்ட் மேன் க்ரைஸ்' என்ற மெதுவான பாட்டையும் இந்தப் பதிப்பில் சேர்த்திருக்கிறார்கள். கில்லன் குரலைத் தாழ்த்திப் பாடுவதைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு அதுவே போதும்.

2024இல் இதே தொகுப்புக்கு மேலும் ஒரு புதிய கலவை வந்தது. அதைச் செய்தவர் ட்வீஸில் ஸப்பா, அதாவது அன்று எரிந்த கச்சேரியை நடத்திய ஃபிராங்கின் மகன். நாடகத்தில்கூட இப்படி எழுதினால் நம்ப மாட்டார்கள். ஆனால் அது பல தட்டுகள் கொண்ட பெரிய பெட்டி; அதை எடுக்கும் முன் கையிருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு பதிப்பு போதும் என்பவர்கள் 1997ஐத் தேடலாம். பழைய சிடி கடைகளில் வாங்கும்போது மூடியின் விரிசலைப் பொருட்படுத்த வேண்டாம், உள்ளே இரண்டு தட்டுகளும் இருக்கின்றனவா என்று மட்டும் திறந்து பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ரீமாஸ்டரை முழுதாகக் கேட்டுவிட்டு, பிறகு மற்றத் தட்டில் ஐந்தாவது பாட்டுக்குப் போங்கள். கில்லன் பேசும் இடம் மெல்லிய ஒலிதான். அங்கே வந்ததும் வால்யூமைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.