கறுப்பு கோட்டுக்குள்ள மூணு வருஷம்: ஒமேகா ஸ்பீட்மாஸ்டர்

ஒமேகாவோட கை வாட்ச் இது, 2021ல வந்த மாடல், உள்ள ஓடுறது 3861ங்கற மெஷின், ஹெசலைட் கண்ணாடி போட்டது. விலைய மட்டும் கேக்காதீங்க, வீட்லயே இன்னும் முழுசா சொல்லல.

நான் வக்கீல், மதுரை பெஞ்ச்ல பிராக்டிஸ். கோர்ட் ஹால்ல போனை எடுத்து மணி பாக்க முடியாது, ஜட்ஜ் பத்து நிமிஷத்துல முடிங்கன்னு சொன்ன உடனே கவுனுக்கு அடியில மேல் பட்டனை ஒரு அமுக்கு, அவ்ளோதான், 3 மணி பக்கம் இருக்குற குட்டி டயல் 30 நிமிஷம் வரைக்கும் எண்ணிட்டே இருக்கும். ஆனா பட்டன் அழுத்தமான பட்டன், அமைதியா இருக்கும்போது டிக்குன்னு கேக்கும், ஒருதடவ எதிர்த்தரப்பு சீனியர் திரும்பியே பாத்துட்டாரு, நான் பேனா மூடிய மூடுன மாதிரி சமாளிச்சேன்.

1969ல நிலாவுக்குப் போன வாட்ச்சோட வாரிசு இதுன்னு யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, எனக்கு அதுதான் வேணும். கறுப்பு டயல், வெள்ளை முள்ளு, தேதி கூட கிடையாது. எங்க குமாஸ்தா பாத்துட்டு "சார், இது அப்பாவோட வாட்ச்சா?"ன்னு கேட்டாரு, ஆமான்னுட்டேன். 42 மில்லிமீட்டர்னாலும் கையில பெருசா தெரியல, இடது கஃப் பட்டனை மட்டும் கொஞ்சம் தள்ளித் தைக்கச் சொன்னேன்.

தினமும் காலைல காபியோட சாவி கொடுக்கணும். 50 மணி நேரம் தாங்கும், சனிக்கிழமை காலைல கொடுத்துட்டு கழட்டி வச்சா திங்கக்கிழமை கோர்ட்டுக்குக் கிளம்பும்போது இழுத்துப் பிடிச்சு ஓடிட்டிருக்கும், மே லீவுல செத்துக் கிடக்கும். முந்தின 1861 மெஷின்ல சாவிய வெளிய இழுத்தா செகண்ட் முள்ளு நிக்காது, இதுல நிக்குது, அதனால நேரம் வைக்கிறது சுலபம். ஒருநாளைக்கு ரெண்டு மூணு செகண்ட் முந்துது, நான் கண்டுக்கறதில்ல.

ஹெசலைட்னா ஒருவகை பிளாஸ்டிக்தான், கீறல் விழத்தான் செய்யும். பீரோ கதவுல இடிச்சு நல்லா ஒரு கோடு போட்டேன், மனசு துடிச்சுருச்சு, அப்புறம் பாலிவாட்ச் கிரீம் வச்சு அஞ்சு நிமிஷம் தேச்சதும் காணோம். அப்ப உத்துப் பாத்தப்பதான் கண்ணாடி நடுவுல கடுகளவு ஒமேகா சின்னம் இருக்குறதே தெரிஞ்சுது, சாய்ச்சுப் புடிச்சாத்தான் தெரியும்.

50 மீட்டர் வாட்டர் ரெசிஸ்ட்னு போட்டாலும் நான் குளிக்கும்போது கழட்டிருவேன். இன்னொண்ணு, ஸ்டீல் செயினோடயே இருங்க. ஆசைப்பட்டு லெதர் ஸ்ட்ராப் வாங்கிப் போட்டேன், மதுரை வேர்வைல நாலே மாசத்துல நாத்தம் எடுத்துருச்சு.