ஆபீஸில் ஐபி போன்: இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்த கதை

கோவையில் 60 பேர் வேலை பார்க்கும் ஆபீஸ் எங்களுடையது. ஐபி போன், அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகப் பேசும் போன், போட்டு இரண்டு வருடம் ஆகிறது. போனைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, எடுத்தால் பேசலாம். தலைவலி எல்லாம் அதற்கு முன்னால், சப்நெட்டில், அதாவது ஆபீஸ் நெட்வொர்க்கின் முகவரிகளைப் பிரித்து வைப்பதில்.

இருந்தது ஒரே சப்நெட், 192.168.1.0, அதன் எல்லையைச் சொல்லும் மாஸ்க் 255.255.255.0. மொத்தம் 254 முகவரி. கம்ப்யூட்டர், ஆளுக்கொரு செல்போன், கேமரா என்று ஏற்கெனவே 200-ஐத் தாண்டிவிட்டது, இனி 60 போனுக்கு எங்கே போவது? மாஸ்கை 255.255.254.0 ஆக்கினால் 510 கிடைக்குமே, வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பேப்பரில் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது, 192.168.1 போய் 192.168.2-உடன் சேராது, 192.168.0-உடன்தான் சேரும். சரி, அப்படியே சேர்த்தாலும் கையால் ஐபி போட்டு வைத்த பிரிண்டர், டாலி சர்வர், வாசலில் விரல்ரேகை வைக்கும் மெஷின் என்று ஒவ்வொன்றிலும் போய் மாஸ்கை மாற்ற வேண்டும். ஒன்றை விட்டாலும் அது 0-வில் இருப்பவர்களை வெளியூர்க்காரர்கள் என்று நினைத்துப் பதிலை வெளியே போகும் வாசலான கேட்வேக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். விரல்ரேகை மெஷினுக்கு பாஸ்வேர்டு வைத்தவர் வேலையை விட்டே மூன்று வருடமாகிறது.

அதனால் பழையதைத் தொடவில்லை. போனுக்கென்று தனி வீலேன் (அதே கேபிள், ஸ்விட்சுக்குள் பிரித்து ஓடும் தனி நெட்வொர்க்), எண் 20, முகவரி 192.168.20.0. மேஜைக்கு ஒரே கேபிள்தான், போனுக்குப் பின்னால் கம்ப்யூட்டர், ஸ்விட்ச் இரண்டையும் பிரித்துக்கொள்ளும்.

முதல் வாரத்தில் எல்லா போனிலும் தேதி 1970 ஜனவரி 1. போன் வீலேனிலிருந்து இன்டர்நெட்டுக்கு வழியே விடாமல் பூட்டியிருந்தேன், நேரம் சொல்ல ஆளில்லை. அப்புறம் அக்கவுண்ட்ஸ் பக்கம் ஒரு போன் மட்டும் திரையில் 192.168.1.87 என்று காட்டியது. குனிந்து பார்த்தால் மேஜைக்கடியில் யாரோ எப்போதோ வைத்த எட்டு போர்ட் சின்ன ஸ்விட்ச், அதைத் தாண்டி வீலேன் எண் போனுக்குப் போய்ச் சேரவேயில்லை. அதைப் பிடுங்கியதும் 20-க்கு வந்துவிட்டது.

நெட் வேகம் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். குரலை டிஜிட்டலாக்கும் ஜி.711 முறையில் ஒரு அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் 90 கேபிபிஎஸ்கூட ஆகாது, பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு எம்பிபிஎஸ்ஸுக்குள்தான். மாலையில் பேக்கப் மேலே ஏறும்போதுதான் குரல் விட்டுவிட்டு வந்தது, குரலுக்கு ரவுட்டரில் முன்னுரிமை கொடுத்ததும் சரியானது. வெளி அழைப்பில் நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்டு, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காவிட்டால் முதலில் ரவுட்டரில் சிப் ஏஎல்ஜியை (அழைப்புத் தகவலில் உள்ள முகவரியை ரவுட்டரே மாற்றும் வசதி) அணைத்துப் பாருங்கள், எங்களுக்கு அதுதான் காரணம்.

குறை ஒன்று உண்டு. கரண்ட் போனாலும் பழைய லேண்ட்லைன் அடிக்கும், இது அடிக்காது, ஸ்விட்சையும் ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் போட்டே ஆக வேண்டும்.

அடுத்த மாதம் மாடியில் 15 போன் வருகிறது, போர்ட்டில் வீலேன் 20-ஐச் சேர்த்தால் போதும். விரல்ரேகை மெஷின் இன்னும் அதே பழைய மாஸ்கில்தான், பாஸ்வேர்டு இன்னும் கிடைக்கவில்லை.