பழைய பேக்எண்டை எடுத்துவிடுவதா, அணைத்து வைப்பதா?

இலங்கையின் ஹட்டனில் நான் கம்பைலர் (எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் போனுக்கு டேட்டா போட்டு, அதிலிருந்துதான் லெப்டொப்புக்கு இணையம் எடுக்கிறார்கள். அதனால் காலாவதியான பேக்எண்டை, அதாவது கம்பைலரில் ஒரு குறிப்பிட்ட இலக்குக்கான வெளியீட்டை உருவாக்கும் கடைசிப் பகுதியை, என்ன செய்வது என்ற கேள்வியில் எனக்கு முதலில் தெரிவது அதைப் பதிவிறக்கும் பாரம்.

2019 வரை ரஸ்ட் மொழிக் கம்பைலரின் மூலத்தில் எல்எல்விஎம் (பல மொழிகளின் கம்பைலர்கள் பாவிக்கும் பொதுவான பேக்எண்ட் தொகுதி) இரண்டு இருந்தன. ஒன்று வழக்கமானது. மற்றது எம்ஸ்கிரிப்டனுக்காக (நிரலை உலாவியில் ஓடும்படி மாற்றும் கருவி) பிரித்தெடுத்த பழைய கிளை, சப்மாட்யூலாக, அதாவது மூலத்துக்குள் இணைத்த தனிக் களஞ்சியமாக. அதை வேண்டாதவர்களுக்காக பில்ட் ஸ்கிரிப்டில் (மூலத்திலிருந்து கம்பைலரைக் கட்டும் நிரலில்) தனி நிபந்தனையே எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் கிட்டில் ‘ரிகர்சிவ்’ (உள்ளிருக்கும் சப்மாட்யூல்களையும் எடு) என்று போட்டு குளோன் செய்தவருக்கு, அதாவது மூலத்தை நகலெடுத்தவருக்கு, இரண்டும் வந்து சேர்ந்தன. எல்எல்விஎம் 8இல் வெப்அசெம்பிளி (உலாவியில் ஓடும் கட்டளை வடிவம்) பேக்எண்ட் சோதனை நிலையைத் தாண்டிவிட்டது. அதன் பிறகு பழையதைச் சுமக்கக் காரணமில்லை. சப்மாட்யூல், நிபந்தனை, கன்பிக் (அமைப்புக் கோப்பு) தெரிவு எல்லாம் சேர்ந்து போயின.

அணைத்து வைப்பது இரக்கமாகத் தெரியும். ஆனால் யாரும் பில்ட் செய்யாத கோட் சத்தமில்லாமல் உடைகிறது. கவ்வாத்து வெட்டிய தேயிலை திரும்பத் துளிர்க்கும், இது துளிர்க்காது. நாள் குறிக்காமல் அணைத்து வைப்பதை நான் ஏற்கமாட்டேன். ஜிசிசி என்ற கம்பைலர் தொகுப்பு நாள் குறிக்கிறது: ஒரு பதிப்பில் ‘வழக்கொழிந்தது’ என்று அறிவித்து, வேண்டுமென்றே ஒரு கொன்பிகர் தெரிவைக் கொடுத்தால்தான் பில்ட் ஆகவிடும். அடுத்த பதிப்பில் எடுத்துவிடும். செல் எஸ்பியு என்ற செயலிக்கான பேக்எண்ட் அப்படித்தான் 9இல் எச்சரிக்கப்பட்டு 10இல் போனது.

மூன்றாவது வழி, முதன்மைத் திட்டத்துக்கு வெளியே வைத்துப் பராமரிப்பது. எல்எல்விஎம் 2012இல் 3.1 பதிப்போடு சி பேக்எண்டை (சி மொழி நிரலாக வெளியிடுவது) நீக்கியது. பின்னர் ஜூலியா மொழிக்காரர்கள் அதை வெளியே உயிர்ப்பித்தார்கள். உண்மையில் தேவைப்பட்டவர்களே சுமப்பதால் இது நியாயம். ஆனால் எல்எல்விஎம்மின் உள் இடைமுகங்கள் மாறும்போதெல்லாம் பின்னாலேயே ஓட வேண்டும்.

எனக்கு ஜிசிசியின் முறைதான் சரி. எடுக்கும்போது ரஸ்ட் செய்தது போல முழுதாக எடுக்க வேண்டும். எங்கள் தோட்டங்களில் பழைய தேயிலையைப் பிடுங்கினால் மண்ணில் கிடக்கும் வேரையும் தேடி எடுப்பார்கள். விட்டால் வேர்நோய் புதுக் கன்றுக்கும் வரும். பில்ட் கோப்பில் விட்டுப்போன ஒரு ‘இஃப்’ நிபந்தனையும் அப்படித்தான். பழைய கன்பிக்கில் அந்தப் பேக்எண்டின் பெயர் இன்னும் இருந்தால், பில்ட் பேசாமல் கடந்துபோகக் கூடாது. ‘இது நீக்கப்பட்டது, இனி இதைப் பாவியுங்கள்’ என்று தெளிவாகச் சொல்லி முதல் நிமிடத்திலேயே நிற்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு அல்ல.